தையலில் பாதி அடிநூல்

கைபோன போக்கில் குயில்ட் தைக்கும்போது துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிடுகிறோம். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கும் டார்னிங் ஃபுட்டின் கீழ் நாம் தள்ளும் திசையில் போகின்றன. தையலின் நீளத்தைக் கைதான் தீர்மானிக்கிறது. பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு காகிதத்தை நகர்த்தி வரைவது போன்ற வேலை இது. வரையும் கோடு நூல். ஆகவே, எந்த நூல் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கோடு கண்ணில் பட வேண்டுமா, கோடு மறைந்து துணியின் மேடுபள்ளம் மட்டும் தெரிய வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் நூலின் எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். எண் கூடக்கூட நூல் மெலியும். எடை எண் 40 என்றால் 40 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ எடை. 50 என்றால் 50 கிலோமீட்டர். நம் மில்களின் கவுண்ட் கணக்கு வேறு. ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்று அது எண்ணுகிறது. அதனால் இரண்டு எண்களையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. லேபிளில் 50/2, 50/3 என்று இருந்தால் இரண்டாவது எண் புரிகளைக் குறிக்கும். 50/3 மூன்று புரி, ஆகவே பெரும்பாலும் 50/2 நூலைவிடத் தடிமன்.

ஒற்றை நிறத் துணியில் கோடு துலங்க வேண்டுமானால் 40 எடுப்பேன். இறகு வடிவங்களில் போன தடத்திலேயே திரும்பி வர வேண்டியிருக்கும்; அங்கே தடித்த நூல் கயிறுபோல் குவிந்துவிடும். அதற்கு 50/2 பருத்தி நூல்தான் சரி. பின்னணி முழுவதையும் நெருக்கமான சுழிகளால் அமுக்கி, நடுவிலுள்ள பூவை எழுப்பிக் காட்ட 100 எண் மெல்லிய நூல் வேண்டும்.

இழையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். நூலின் ஒரே பகுதி ஊசிக்கண் வழியே பலமுறை மேலும் கீழும் உரசிப் போய்வந்த பிறகே தையலில் அமர்கிறது. குட்டை இழை நூல் அந்த உரசலில் பிசிறு விடும். பஞ்சுத் தூசி பாபின் கேஸில் அடையும். நீண்ட இழைப் பருத்தியில் இந்தத் தொல்லை குறைவு. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் ரகங்களை இணைத்துக் கோயம்புத்தூரில் உருவாக்கிய சுவின் அப்படிப்பட்ட மிக நீண்ட இழைப் பருத்தி. ஊசியும் நூலுக்குத் தோதாக இருக்க வேண்டும். 40 நூலுக்குப் பெரிய கண் கொண்ட 90/14 டாப்ஸ்டிச் ஊசி, 50 நூலுக்கு 80/12. கைத்தையல் குயில்டிங்குக்கென்று மெழுகோ பசையோ பூசி விற்கும் நூலை மிஷினில் போடவே கூடாது.

இவ்வளவு பார்த்து மேல்நூலை வாங்குபவர்கள்கூட, பாபினில் மிச்சம் மீதி நூலைச் சுற்றிவிடுகிறார்கள். இது எனக்கு ஆறவே ஆறாது. இரண்டு நூலும் பஞ்சுக்குள் பின்னிக்கொள்வதுதான் தையல். அதில் பாதி அடிநூல். அது மேல்நூலைவிட மெல்லியதாக இருந்தால் பஞ்சுக்குள் எளிதாக அமரும், ஒரு பாபினும் நெடுநேரம் வரும். மேலே 40 என்றால் அடியில் 50 அல்லது 60 போடுகிறேன். நிறம் இரண்டிலும் ஒன்றாகவோ நெருக்கமாகவோ இருக்கட்டும்.

பாபின்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கிளாஸ் 15, எல் என்ற இரண்டு வகைகளுக்கும் விட்டம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்தான்; ஆனால் முதலாவதன் அகலம் 11 மில்லிமீட்டருக்கு மேல், இரண்டாவது 9க்கும் குறைவு. மிஷின் கையேடு சொல்லும் வகையைத் தவிர வேறெதையும் நுழைக்க வேண்டாம். பழைய நூலின் மேல் புது நூலைச் சுற்ற வேண்டாம். விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். பாலியெஸ்டரை வேகமாகச் சுற்றினால் நூல் நீண்டு, தைத்த பிறகு சுருங்கித் துணியையும் சேர்த்துச் சுருக்கும். மெதுவாகச் சுற்றுவதே நல்லது.

தனியே கழற்றக்கூடிய பாபின் கேஸ் என்றால் நூல்நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். பிறகு வளைவுகளைத் தைத்துப் பாருங்கள். மேலே அடிநூல் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் மேல்டென்ஷன் அதிகம். அடியில் வளைவுகளில் நூல் கண்ணிமை முடிபோல் விரிந்தால் மேல்டென்ஷன் லூசு, அல்லது மிஷினைவிடக் கை வேகமாக ஓடுகிறது. பாபின் கேஸ் திருகைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அதுவும் கால் சுற்றுக்குள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 1989இல் அமெரிக்காவின் படூக்காவில் நடந்த குயில்ட் போட்டியில் கலைஞர் கேரில் பிரையர் ஃபாலர்ட்டின் 'கொரோனா 2: சோலார் எக்லிப்ஸ்' தலைப் பரிசு பெற்றது. மிஷினில் குயில்ட் செய்த படைப்பு ஒன்று அங்கே அந்தப் பரிசை வென்றது அதுவே முதல்முறை. கைத்தையலுக்கு மிஷின் தையல் மாற்று அல்ல, தனிக் கலை என்று அந்தப் பரிசு நிறுவியது. கலை என்று ஒப்புக்கொண்டால் அதன் கருவிகளுக்கும் அந்த மரியாதையைத் தர வேண்டும். குயில்டில் போடப்போகும் அதே துணி, அதே பஞ்சில் ஒரு மாதிரித் துண்டு தைத்து, ஒவ்வொரு கோட்டருகிலும் மேல்நூல், அடிநூல், ஊசி, டென்ஷன் எண்களைப் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த குயில்டுக்கு நூல் வாங்கப் போகும்போது கடைக்காரர் சொல்வதைவிட அந்தத் துண்டு சொல்வதை நம்பலாம்.