ஏ-9 வீதியில் மாத்தளை

ஏ-9 வீதி என்றதும் எங்களுக்கு ஓமந்தையும் முகமாலையும்தான் ஞாபகம் வரும். 2006 ஓகஸ்டில் அதை மூடியபோது பட்டபாட்டை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே வீதி தெற்கே தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை ஊடாகப் போய்க் கண்டியில் முடிகிறது. வீடற்றவர்களுக்காகக் கிறிஸ்தவ சேவை அமைப்புகள் அந்தப் பக்கத்தில் என்ன செய்கின்றன என்று அறிய வவுனியாவில் பஸ் ஏறினேன்.

நாவுலைக்கு அப்பால் வெக்கை குறைகிறது. வீதியோரமெல்லாம் மிளகு, கராம்பு, கொக்கோ. பட்டணத்தில் முத்துமாரியம்மன் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. 1983 கலவரத்தில் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த கோவில். கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துதான் வந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ரயில் மாத்தளைக்கு வந்தது 1880இல்தான்.

வீதியில் படுத்திருப்பவர்களை நான் போன அன்று அதிகம் காணவில்லை. இங்கே வீடின்மை லயத்துக்குள் ஒளிந்திருக்கிறது. லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். பேர்ப்பதிவில் வேலை இருக்கும்வரை கூரை உண்டு. வேலை போனால் அதுவும் ஆட்டங்காணும். 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது கண்டி, மாத்தளைத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் விரட்டப்பட்டன. பட்டினியோடு தெருவில் அலைந்தார்கள். 1977 கலவரத்தின் பின் ஆயிரக்கணக்கானோர் வடக்கே வந்தார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் எங்களோடு இடம்பெயர்ந்தவர்களில் எத்தனைபேர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்!

அந்தக் காலத்தில் இவர்களுக்காகப் பேசியவர்களில் ஒருவர் யேசுசபைக் குரு போல் காஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கினார். சிங்களக் கிராமத்தவரையும் தோட்டத் தமிழரையும் ஒன்றாக உட்கார வைத்ததுதான் அதன் பெரிய வேலை என்பேன். 2017இல் அவர் காலமானார். மாத்தளை மாவட்டமும் அடங்கிய கண்டி மறைமாவட்டத்துக்கு 'செற்றிக்' என்னும் கரித்தாஸ் அமைப்பு இருக்கிறது.

பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடையில் ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எந்தத் தோட்டம் புள்ள?"

"தோட்டமில்லை அம்மா. கிளிநொச்சி, தர்மபுரம்."

"எங்க பெரியம்மா மக்க அங்கதானே போனாங்க, எழுபத்தேழுல. சண்டைக்குப் பொறவு ஒரு சேதியும் இல்ல."

நான் எதைச் சொல்ல? பெயர்களை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அவருடைய பேரன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து, கடையிலேயே படுத்து வந்தவன். கடையை மூடிவிட்டார்கள். இப்போது எங்கே படுக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. அடையாள அட்டை இல்லை. யுத்த காலத்தில் அட்டை இல்லாமல் கொழும்பில் பிடிபட்ட மலையகப் பிள்ளைகள் எத்தனைபேர் என்பது எங்களுக்கும் தெரிந்த கதைதான். அட்டை இல்லாதவனுக்கு நல்ல வேலையும் இல்லை, வாடகை அறையும் இல்லை. ஆங்கிலேயர் 1841இல் கொண்டுவந்த அலைந்துதிரிவோர் சட்டமோ, போக்கிடமில்லாமல் திரிவதையே குற்றமாக்கியது. பெண்பிள்ளை என்றால் தடுப்பு இல்லம்வரை போகும்.

சோற்றுப் பார்சல் கொடுப்பது லேசு. படம் எடுக்கவும் வசதி. கந்தோருக்கு நாலுதரம் கூட நடப்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. பிறப்புப் பதிவு இல்லாவிட்டால் காலங்கடந்த பதிவுக்கோ, உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்க வேண்டும். வதிவிடத்தைத் தோட்டத்துரை உறுதிப்படுத்த வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. வாசற்கதவுக்கு ஒரு இலக்கம் கொடுக்கவில்லை. லயத்துக்கு வரும் கடிதம் தோட்டக் கந்தோரில் போய்க் கிடப்பது இன்னும் பல இடங்களில் வழக்கம். இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த எங்களுக்கு இந்த அலைச்சல் விளங்கும்.

அம்மாவின் மடியில் பொலித்தீன் பைக்குள் நாலைந்து கடதாசிகள். பேரனின் பிறப்புப் பதிவு சிங்களத்தில் எழுதப்பட்டது. அதில் தகப்பனின் பெயர் வேறுவிதமாக விழுந்திருக்கிறது. அதைத் திருத்த மூன்றாந்தரம் போகிறார்.

"இந்தவாட்டி சர்ச்சுல இருந்து ஒரு தம்பி கூட வர்றேன்னுச்சு" என்று வாசலைப் பார்த்தபடியே தேத்தண்ணியை ஆற்றினார்.