வெண்கலச் சர்ப்பம்

எசேக்கியா ராஜா உடைத்தவற்றில் ஒன்று அந்நிய தெய்வத்துடையதல்ல. மோசே செய்தது, கர்த்தரே செய்யச் சொன்னது. பாலைவனத்தில் பாம்பு கடித்தவர்கள் அந்த வெண்கலச் சர்ப்பத்தைப் பார்த்துப் பிழைத்தார்கள். பல தலைமுறைகளுக்குப் பின் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா அதை உடைத்துப் போட்டான். இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தில் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிற இந்தச் செய்தி, விக்கிரகம் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. பிழைக்க வைத்ததைப் பிழைத்த பிறகும் விடாமல் பிடித்திருக்கும் கைதான் விக்கிரகத்தை உண்டாக்குகிறது.

திருவண்ணாமலையில் கிறிஸ்தவனாக வளர்கிறவனுக்கு விக்கிரகம் என்பது ஒரு திசையாகவே அறிமுகமாகிறது. ராஜகோபுரம் இருக்கிற திசை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலை சுற்றும் கூட்டம் போகிற திசை. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. நம் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே ஜாதி பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அதற்கு யாரும் தூபம் காட்டவில்லை. முதுகைச் சாய்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இப்போது எங்கள் சபையில் ஓடு வேய்ந்த பழைய கோயிலை இடித்து, உயரமாக ஒன்று கட்டப் பணம் திரட்டுகிறார்கள். நான் பேங்க் குமாஸ்தா என்பதால் கணக்கு என்னிடம் வந்தது. எவ்வளவு கொடுத்தால் பெயரைக் கல்லில் வெட்டுவது என்பதிலேயே மூன்று கூட்டங்கள் கழிந்தன.

இந்த ஊருக்கு வந்த கிறிஸ்தவர்களில் இந்தப் பிரச்னையின் அடிவரை போனவர் ஆன்ரி லெ ஸோ. பெனடிக்டைன் துறவி, பிரெஞ்சுக்காரர். 1948-ல் இந்தியா வந்தார். 1949 ஜனவரியில் மொன்ஷானன் என்ற பாதிரியாருடன் ரமணரைப் பார்க்க வந்தார். மிகுந்த எதிர்பார்ப்போடு வந்தவருக்கு முதல் தரிசனம் ஏமாற்றமாகவே இருந்தது. அளவுக்கு மீறிய சுமையோடு வந்திருப்பதாக ஆச்ரமத்திலிருந்த ஒரு பெண்மணி தன்னிடம் சொன்னதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். 1950-ல் இருவரும் குளித்தலைக்கு அருகே சாந்திவனம் ஆச்ரமத்தைத் தொடங்கினார்கள். அபிஷிக்தானந்தர் என்ற பெயரோடு 1952 முதல் அவ்வப்போது இந்த மலையின் குகைகளில் தங்கினார். தன் சுமையில் எதை இறக்குவது என்பதே அவருடைய மீதி வாழ்க்கை. கடவுளைப் பற்றிய கருத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஆனால் திருச்சபையைவிட்டு அவர் வெளியேறவில்லை. 1968-ல் சாந்திவனத்தையும் பீட் கிரிஃபித்ஸிடம் விட்டுவிட்டு வடக்கே போனார்; 1973 டிசம்பரில் இந்தூரில் இறந்தார். 1986-ல் வெளிவந்த அவருடைய நாட்குறிப்பில் ஞானியின் நிம்மதி குறைவு. அத்வைதத்துக்கும் கிறிஸ்துவுக்கும் நடுவே வருஷக்கணக்காகக் கிழிபட்ட மனமே அதிகம் தெரிகிறது.

நம் வட்டத்தில் லெ ஸோவைப் படித்தவர்கள் அவரை 'அனுபவ'த்துக்காகக் கொண்டாடுகிறார்கள். இந்தச் சொல்லின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. சாட்சிக் கூட்டத்தில் மைக் முன்னால் சொல்லப்படுவதும் அனுபவம். கவிதை விமர்சனத்தில் கடைசி அத்தாட்சியாக வைக்கப்படுவதும் அனுபவம். இரண்டு இடத்திலும் அதற்கு மேல் கேள்வி கிடையாது. கேள்விக்கு அப்பால் உட்காரவைக்கப்பட்ட எதுவும் தூபத்துக்குத் தயாராகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். லெ ஸோ தன் அனுபவத்தையே சந்தேகித்தார். தன்னையே ஏமாற்றிக்கொள்கிறோமோ என்று அஞ்சினார். அவரிடம் நாம் கற்க வேண்டியது அந்த அச்சம். குகையை எடுத்துக்கொண்டு அச்சத்தை விட்டுவிட்டால் அவரும் இன்னொரு வெண்கலச் சர்ப்பம்தான்.

விடுதல் என்பதை நான் அதிகம் பார்ப்பது நகைக்கடன் கவுண்ட்டரில். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் சிலுவை கோர்த்த தாலி வரும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்ப்பார், நிறுப்பார். சீட்டில் அது இத்தனை கிராம், அவ்வளவே. அந்தப் பெண்கள் கழுத்தில் வெறும் கயிற்றோடு, பிள்ளையின் ஃபீஸை எண்ணிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு அது துறவு அல்ல. எந்த நாட்குறிப்பிலும் ஏறாது. வட்டி ஏறும். பிறகு மீட்க வருவார்கள். மீட்பு என்ற சொல்லை வங்கியும் சபையும் பங்கிட்டுக்கொண்டிருப்பது எனக்கு வெறும் சிலேடையாகப் படவில்லை. சிலுவையை அடகு வைத்தவளின் விசுவாசத்தில் ஒரு குந்துமணி எடைகூடக் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. கல்லில் பெயர் வெட்டக் கொடுப்பவரின் விசுவாசத்தை எந்த உரைகல்லில் தேய்ப்பது?

கமிட்டிக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இடிப்பதா வேண்டாமா என்பது பற்றியல்ல. எந்தக் கல்லிலும் எவர் பெயரும் வேண்டாம் என்பது மட்டும். நிறைவேறும் என்று தோன்றவில்லை. பழைய கோயிலின் வாசற்படிக் கல்லில் என் தாத்தாவின் பெயர் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எழுதினேன்.