சுண்ணாம்பு தடவாத கலயம்

சாயர்புரம் சாலையோரம். வேப்பமர நிழலில் பதநீர்க் குடம். பக்கத்தில் குந்தியிருக்கிறார் பனையேறி. நெஞ்சிலும் கணுக்காலிலும் மரம் உரசிக் காய்த்த தடம். கழுவிக் கவிழ்த்த கலயங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார். விரல் அடிவரை போய்ச் சுற்றி வருகிறது. இம்மியளவு இடமும் விடுபடவில்லை.

பைக்கில் வந்த கல்லூரிப் பையன் ஓலைப் பட்டையை ஏந்தியபடி கேட்கிறான்: "சுண்ணாம்பைக் கொஞ்சம் கொறச்சா என்ன தாத்தா?"

"புளிச்சிரும்லே. கள்ளாயிரும்."

அவ்வளவுதான். அடுத்த கலயத்தை எடுத்துவிட்டார்.

புளிக்க வைப்பது ஈஸ்ட். காற்றோடும் பூச்சியின் காலோடும் வந்து சாற்றில் இறங்கி, சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். சுண்ணாம்பின் காரம் அதைத் தலையெடுக்க விடாது. நுண்ணோக்கி பாராத அந்த விரல்கள் இதைத் தலைமுறைகளாக அறிந்திருக்கின்றன. ஜி. யு. போப் 1840-களில் கல்விச்சாலை கண்ட இந்த ஊரில், இதுவும் ஒரு கல்விதான்.

சற்றுத் தள்ளி ஒரு தென்னை. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிகிறது. வேரோரம், மெருகு பூசியதுபோல் பளபளக்கும் கெட்டிக் காளான்: கானோடெர்மா. 1952 புயலுக்குப் பின் தஞ்சைத் தோப்புகளைச் சாய்த்ததால் 'தஞ்சாவூர் வாடல்' என்று நோய்க்கே பெயர் வந்துவிட்டது. பையன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இதே பேரினத்துக் காளானைத்தான் சீனர்கள் லிங்ஷி என்றும் ஜப்பானியர் ரெய்ஷி என்றும் மருந்தாகப் போற்றுகிறார்கள்.

அதிலிருந்து 1989-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். பெயர் எல்இசட்-8, 110 அமினோ அமிலங்கள் கொண்டது. நோய் எதிர்ப்புச் செல்களின் போக்கையே மாற்ற வல்லது. காளானிலிருந்து பிரித்தால் கிடைப்பது சொற்பம். ஆகவே பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் அதன் மரபணுவைப் பிக்கியா என்ற ஈஸ்டுக்குள் பொருத்தினார்கள். அதுவும் மரச்சாற்றில் பிறந்ததுதான். சுமார் நூறாண்டுக்கு முன் பிரான்சில், செஸ்ட்நட் மரத்தின் கசிவில் கண்டெடுத்தது. தொட்டியில் வளர்த்து மெத்தனால் ஊட்டினால் மரபணு விழிக்கிறது. ஈஸ்ட் அந்தப் புரதத்தை உருவாக்கி வெளியே விடுகிறது. இங்கே தடுக்கப்படும் உயிரின் உறவு, அங்கே அழைத்து அமர்த்தப்படுகிறது.

நமக்குப் பழகாத வித்தை இல்லை இது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் இதே பிக்கியாவில் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியைச் செய்தது. இறக்குமதி ஊசியின் விலையைக் கேட்டுத் திரும்பிய குடும்பங்களுக்கும் அது எட்டியது. காளான் புரதமும் அப்படி எட்ட வேண்டும். அந்தப் பையன் படிக்கும் வகுப்பிலிருந்தே அதைச் செய்பவர்கள் வர வேண்டும்.

பட்டை காலியாகிவிட்டது. பையன் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை உதைக்கிறான்.

எல்இசட்-8 குறித்துப் பெரும்பாலும் செல்களிலும் விலங்குகளிலுமே ஆய்வுகள் நடந்துள்ளன. கடையில் டப்பாவில் விற்கும் காளான் பொடி, அளந்து தூய்மை செய்த அந்தப் புரதம் அல்ல. அதை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.