ஒரு வாளி நன்னீர்

ஆழ்கடலில் மூழ்குவோர் அணியும் மிதவைச் சட்டையைப் ‘பி.சி.டி.’ என்பர். பொத்தானை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து காற்று அதனுள் புகும். உடல் நீரில் மேலேறும். புதுச்சேரிக் கடலில் 10 மீட்டர் ஆழத்தில் உடன்பிறந்தாராகிய நாங்கள் இருவரும் நீந்துகையில், எங்களில் இளையவனின் பொத்தான் அழுத்தியவாறே சிக்கிக்கொண்டது. சட்டை ஊதிப் பெருத்தது.

அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இருமடங்கு. மேலே செல்லச் செல்ல அது குறையும். சட்டையின் காற்று விரியும். விரிந்த காற்று இன்னும் விரைவாகத் தூக்கும். மூச்சை அடக்கினாலோ நுரையீரல் கிழியும். மூச்சை விட்டுக்கொண்டே காற்றுக்குழாயைக் கழற்றி, வெளியேற்றும் வால்வின் கயிற்றை இழுக்க வேண்டும். பயிற்சியில் பலமுறை செய்ததுதான். அன்றோ பதற்றத்தில் தம்பியின் விரல்களுக்குக் குழாய் அகப்படவில்லை. அண்ணனின் கை வந்துதான் கழற்றியது.

கரையில் பிரித்துப் பார்த்தோம். வால்வினுள் வெள்ளையாய் உப்புப் படிந்திருந்தது. வாடகைச் சட்டைதானே, கொடுத்தவரைக் கடிந்துகொள்ள வாயெடுத்தோம். ஆனால் மூன்று நாள்களாக அதை அணிந்தவர்கள் நாங்களே. அலசித் தருவதாய் ஏற்றுக்கொண்டு, பசி மிகுதியால் மேலே ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டு உணவுக்கு ஓடியவர்களும் நாங்களே. வாயை மூடிக்கொண்டோம்.

இப்போதெல்லாம் சட்டையின் உள்ளேயும் நன்னீர் விட்டுக் குலுக்கி வடிக்கிறோம். இறங்குமுன் பொத்தானைப் பலமுறை அழுத்திப் பார்க்கிறோம். பின்னர், ஒருவர் குழாயை மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பழகுகிறோம்.