பொத்தானைத் தொட்டதும் அதிரும் ரிமோட்

நிண்டெண்டோ வீ கருவியில் ஸ்னெஸ்9எக்ஸ் ஜிஎக்ஸ் எமுலேட்டரைத் திறந்து ரிமோட்டை டிவி பக்கம் நீட்டினால், திரையில் ஒரு கை தோன்றும். அது ஏதாவது பொத்தானின் மேல் வந்ததும் ரிமோட் ஒரு கணம் அதிரும். பழைய சூப்பர் நிண்டெண்டோ ஆட்டங்களை ஓட்டுவதற்காக ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தந்த மென்பொருள் இது. ஆட்டம் ஓடுவதற்கு இந்த அதிர்வு தேவையே இல்லை. பிறகு யார், எதற்காக இதைச் சேர்த்தார்கள்? மூல நிரல் பொதுவில் கிடைப்பதால் அதற்குள்ளேயே தேடத் தொடங்கினேன்.

ஆனால் அதற்கு முன், இத்தகைய மெனுவின் வேர் அங்கே இருக்குமோ என்று பழைய எமுலேட்டர்கள் பக்கம் போனேன். 1997இல் வந்த நெஸ்டிக்கிள், டாஸிலேயே மவுஸால் இயக்கும் மெனுவைக் கொடுத்தது. அதே ஆண்டு வந்த இசட்ஸ்னெஸும் பின்னர் அப்படியொரு மெனுவுக்குப் பெயர்பெற்றது. ஆனால் இரண்டுமே மேசைக் கணினிக்கானவை. வீ இருப்பது வீட்டுக் கூடத்தில். ஆடுபவர் டிவியிலிருந்து சில அடி தள்ளி உட்கார்ந்திருப்பார். விசைப்பலகை கிடையாது, மவுஸும் கிடையாது. ஆக, வேர் வேறெங்கோ இருக்க வேண்டும்.

ஸ்னெஸ்9எக்ஸ் ஜிஎக்ஸின் மூல நிரலில், பொத்தானுக்கான கோப்பில் விடை கிடைத்தது. கை பொத்தானுக்குள் நுழைந்ததும் அதிர்வைக் கேட்கும் கட்டளை அங்கே இருக்கிறது. அந்தக் கோப்பு லிப்வீகுய் என்ற நூலகத்தைச் சேர்ந்தது. எழுதியவர் டான்ட்ரிக் என்ற புனைபெயர்க்காரர். ஸ்னெஸ்9எக்ஸ் ஜிஎக்ஸுக்கு மெனு வடிவமைக்கத் தொடங்கியபோது, அன்று கிடைத்த வரைகலை நூலகங்கள் போதவில்லை என்பதால் சொந்தமாக ஒன்றை எழுதியதாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். 2009இல் அந்தப் புதிய மெனு வந்தது.

எனக்கு மிகப் பிடித்தது அமைப்புகள் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய தேர்வு: ரிமோட்டை நிமிர்த்திப் பிடிப்பீர்களா, கிடையாகப் பிடிப்பீர்களா? கிடையாகப் பிடித்து ஆடுகிறவர் மெனுவுக்கு வந்தால், மேலே போக அழுத்தும் விசை பக்கவாட்டில் இழுக்கும். அந்தச் சிறு தடுமாற்றத்தைக்கூட ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார். அதிர்வு பிடிக்காதவர்கள் அதை நிறுத்தவும் வழி இருக்கிறது. நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். மெனுவின் பளபளப்பு எனக்கு இரண்டாம்பட்சம்.

டான்ட்ரிக் அந்த நூலகத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் விட்டார். கோப்புகளைத் தேடும் பக்கம், திரை விசைப்பலகை, அமைப்புகள் பக்கம் எல்லாம் அடங்கிய மாதிரி நிரலையும் கூடவே வைத்தார். புதிதாக எழுதுகிறவர் அதிலிருந்தே தொடங்கலாம். எஃப்சிஇ அல்ட்ரா ஜிஎக்ஸ், விபிஏ ஜிஎக்ஸ் என்ற எமுலேட்டர்களின் புதிய மெனுக்கள் அதன் மேல்தான் எழுந்தன. பிறகு எமுலேட்டர் எல்லையையும் தாண்டி, படம் பார்க்க உதவும் வீஎம்சியும், யுஎஸ்பி வட்டிலிருந்து ஆட்டங்களை ஏற்றும் யுஎஸ்பி லோடர் ஜிஎக்ஸும் அதையே எடுத்துக்கொண்டன.