ஃப்ரம் வரிக்குப் பக்கத்தில் எழுத வேண்டியவை

டாக்கர்ஃபைலில் யாரும் விளக்கம் எழுதாத வரி அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது: அடிப்படை இமேஜைச் சொல்லும் ஃப்ரம். கீழே வரும் ரன் வரிகளுக்கெல்லாம் கமென்ட் இருக்கும். 'பைத்தான்:3.12-ஆல்பைன்' என்று ஏன் போட்டார்கள், ஸ்லிம் ஏன் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இருக்காது. போட்டவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த வரியைத் தொட எல்லாருக்கும் தயக்கம். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

*

பைத்தான் இமேஜையே எடுத்துக்கொள்வோம். பின்னொட்டு இல்லாத டேக் பில்ட்பேக்-டெப்ஸ் மேல் கட்டப்பட்டது. ஜிசிசி, கிட், கர்ல், இமேஜ்மேஜிக் எல்லாம் உள்ளே உண்டு. வட்டில் விரிந்தால் ஏறக்குறைய 1 ஜிபி. ஸ்லிம் என்பது அதே டெபியன்தான், ஆனால் பைத்தான் ஓடத் தேவையானது மட்டும். 150 எம்பிக்குள் அடங்கிவிடும். ஆல்பைன் என்ற வேறு லினக்ஸ் மேல் கட்டியது அதில் பாதிகூட வராது.

எல்லாரும் முதலில் இந்த அளவுகளைத்தான் பார்க்கிறார்கள். நான் கடைசியில் பார்க்கச் சொல்வேன். ஒரே சர்வரில் ஓடும் பத்துச் சேவைகளும் ஒரே ஸ்லிம் இமேஜ் மேல் நின்றால், அந்த அடிப்படை லேயர்கள் ஒரு முறைதான் இறங்கும், வட்டில் ஒரு முறைதான் இடம் பிடிக்கும். சேவைக்கு ஒன்றாக 'மிகச் சிறியது' தேடிப் போனால் இந்தப் பகிர்வு போய்விடும். தனித்தனியாகப் பார்த்தால் சிறியவை. கூட்டிப் பார்த்தால் பெரியவை.

*

ஸ்லிம், ஆல்பைன் போன்ற ஒரு வேரியன்ட்டுக்கு ஆவணம் எழுதுகிறவர் அதில் என்ன இருக்கிறது என்று எழுதுவதைவிட என்ன இல்லை என்று எழுதினால் படிப்பவருக்கு உதவும்.

ஸ்லிமில் கர்ல் இல்லை. ஹெல்த்செக் வரியில் கர்ல் எழுதியிருந்தால் சேவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்டெய்னர் 'அன்ஹெல்தி' என்று காட்டும். கம்பைலரும் பிஜி-கான்ஃபிக்கும் இல்லை, போஸ்ட்கிரெஸ் டிரைவரான சைகோபிஜி2-வை மூலத்திலிருந்து கட்டப் போனால் பிஜி-கான்ஃபிக் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். மேன் பக்கங்களும் இல்லை. முன்பு ஸ்லிமில் ஜாவாவையோ போஸ்ட்கிரெஸ் கிளையன்டையோ நிறுவும்போது, மேன் பக்கங்களுக்கான கோப்புறையே இல்லாததால் நிறுவலே முறிந்துபோன கதை பலருக்கும் தெரியும். அந்தக் கோப்புறையைக் காலியாக உருவாக்கிக் கொடுத்தால் போதும், வேலை முடிந்துவிடும். ஏன் என்று எழுதி வைக்காவிட்டால், அடுத்து வருபவர் அந்த வரியைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார்.

*

ஆல்பைனில் சி நூலகமே வேறு. டெபியனில் ஜிலிப்சி, இங்கே மஸ்ல். வேறுபாடுகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

பைத்தான் உலகில் முன்கூட்டியே கட்டப்பட்ட வீல்கள் நெடுங்காலம் ஜிலிப்சிக்கு மட்டுமே வந்தன. அப்போது ஆல்பைனில் நம்பை நிறுவச் சொன்னால் பிப் அதை மூலத்திலிருந்து கம்பைல் செய்தது; பில்ட் அரைமணி நேரம் இழுத்தது. 2021-இல் வந்த பெப் 656 மஸ்லுக்கென்று தனி வீல் வகையை வகுத்தது. பெரிய நூலகங்கள் பலவும் இப்போது அந்த வகையில் வருகின்றன. சின்ன நூலகங்களைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. தேவைப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மஸ்ல் வீல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஆல்பைனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மஸ்லில் ஒரு திரெடுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஸ்டாக் 128 கேபி. ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி. ஆழமாகத் தன்னையே அழைக்கும் நிரல் டெபியனில் ஓடி ஆல்பைனில் விழுவது இதனால்தான். டிஎன்எஸ் பதில் பெரிதாக இருந்தால் டிசிபிக்கு மாறிக் கேட்கும் வசதி 2023-இல் மஸ்ல் 1.2.4-இல்தான் வந்தது; ஆல்பைன் 3.18-இலிருந்து கிடைக்கிறது. அதற்கு முந்தைய ஆல்பைன் இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் குறித்து வைக்க வேண்டியது.

இன்னொன்று. தொடக்க ஸ்கிரிப்ட்டின் தலையில் பாஷ் என்று எழுதியிருக்கும்; ஆல்பைனில் பிசிபாக்ஸ் ஷெல் மட்டுமே உண்டு. வரும் பிழைச் செய்தியோ 'அப்படிக் கோப்பு இல்லை' என்பது. ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கும்போது எந்தக் கோப்பைச் சொல்கிறது என்று புதியவர் திகைத்துப் போவார். இல்லாதது ஸ்கிரிப்ட் அல்ல, பாஷ்.

*

தரவுத்தள இமேஜில் வேரியன்ட் மாற்றுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. ஏனோ இதை அழுத்திச் சொல்பவர்கள் குறைவு.

போஸ்ட்கிரெஸ் டெபியன் இமேஜில் போஸ்ட்கிரெஸ் பயனரின் எண் 999, ஆல்பைனில் 70. வால்யூமை அப்படியே வைத்துக்கொண்டு டேக்கை மட்டும் மாற்றினால் கோப்புகளின் உரிமையில் சிக்கல் வரும். அது கண்ணுக்குத் தெரியும் சிக்கல், சரிசெய்துவிடலாம். தெரியாத சிக்கல் எழுத்து வரிசையில் இருக்கிறது. ஜிலிப்சி மொழி விதிப்படி அடுக்குகிறது. மஸ்ல் பைட் வரிசையில் அடுக்குகிறது. ஒரு வரிசையில் கட்டிய இன்டெக்ஸை இன்னொரு வரிசையில் தேடினால், இருக்கும் பதிவு இல்லை என்று பதில் வரும். யூனிக் என்று சொன்ன பத்தியில் இரட்டைப் பதிவு நுழையும். பிழைச் செய்தி எதுவும் வராது. இன்டெக்ஸ்களை மறுபடி கட்டுவதுதான் வழி. டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்றுவது இன்னும் நல்லது.

தரவுத்தளத்தில் தமிழ்ப் பெயர்களை வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகவே தெரியும். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. எனவே பைட் வரிசையில் கனகா முதலில், கமலா பிறகு. நம் அகராதி வரிசையில் ன கடைசி மெய். கமலாதான் முதலில் வரவேண்டும். அதேபோல மறை முதலில் வந்து மலர் பின்னால் போகும். வாக்காளர் பட்டியலோ மாணவர் பட்டியலோ அச்சுக்குப் போகும்போது ஒரு டேக்கின் பின்னொட்டு அதன் வரிசையையே மாற்றிவிடுகிறது. ஐசியூ வரிசையைப் பயன்படுத்தினால் இந்தச் சார்பு நீங்கும். ஆல்பைன் போஸ்ட்கிரெஸில் அது 15-ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கிறது. எந்த வரிசையில் தரவுத்தளம் உருவானது என்பதையும் ஃப்ரம் வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

*

ஸ்க்ராட்ச், டிஸ்ட்ரோலெஸ்: கோ மொழியில் எழுதிய ஒற்றை பைனரிக்குப் பொருத்தம். ஸ்க்ராட்ச் வெறும் காலி. அதனால் 'ஏசியா/கொல்கத்தா' என்று கேட்டால் அப்படி ஒரு நேர மண்டலம் தெரியாது என்று சொல்லும். வெளியே எச்டிடிபிஎஸ் அழைப்பு போனால் சான்றிதழை நம்ப மறுக்கும். நேர மண்டலத் தரவையும் சான்றிதழ்களையும் நாமே உள்ளே வைக்க வேண்டும். இரண்டிலும் ஷெல் இல்லாததால் உள்ளே நுழைந்து பார்க்கவும் முடியாது. குபர்னெட்டிஸில் இருப்பவர்களுக்கு எபிமெரல் கன்டெய்னர் கைகொடுக்கும். இரவில் அழைப்பு வரும் பணியாளருக்கு அந்த வழி முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் டிஸ்ட்ரோலெஸ் வேண்டாம் என்பது என் கருத்து.

*

'3.12-ஸ்லிம்' என்பது நகரும் டேக். டெபியன் 13 ஆன டிரிக்சி 2025 ஆகஸ்டில் வெளிவந்ததும் அதே டேக் முந்தைய பதிப்பான புக்வோர்மிலிருந்து டிரிக்சிக்குப் போனது. டாக்கர்ஃபைலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடியில் உள்ள டெபியனில் நிறுவக் கிடைக்கும் ஜிசிசி 12 போய் 14 வந்தது, லிப்எஸ்எஸ்எல்3 என்ற பேக்கேஜ் லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. '3.12-ஸ்லிம்-புக்வோர்ம்' என்று எழுதியவர்களுக்கு இது நேரவில்லை. டெபியனின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இமேஜின் டைஜெஸ்டையும் சேர்த்துப் பூட்டினால் அடிப்படை இமேஜ் என்றும் ஒரே போல வரும். ஆனால் பூட்டியதைப் புதுப்பிக்க ஆளோ ரோபோவோ இல்லையென்றால், பாதுகாப்புத் திருத்தங்களும் வெளியே நின்றுவிடும்.

*

ஒரு சேவைக்கு நான் எழுதும் குறிப்பு இவ்வளவுதான்:

'ஸ்லிம்-புக்வோர்ம். காரணம்: தரவுத்தள டிரைவர் ஜிலிப்சி வீல் மட்டுமே தருகிறது. கம்பைல் முதல் ஸ்டேஜில், முழு இமேஜில். கர்ல் இல்லை, ஹெல்த்செக் பைத்தானிலேயே. பயனர் எண் 10001. ஏஎம்டி64, ஆர்ம்64 இரண்டிலும் சோதித்தது. ஆல்பைன் பரிசீலித்தோம், டிரைவருக்கு மஸ்ல் வீல் வந்தால் மறுபடி பார்க்கலாம்.'

நிராகரித்ததையும் அதன் காரணத்தையும் சொல்லும் அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். அது இல்லையென்றால் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் 'ஆல்பைனுக்கு மாறினால் என்ன?' என்று முதலிலிருந்து தொடங்குவார்.

இதில் விட்டுப்போனது தேதி. புக்வோர்முக்கு டெபியன் தரும் முழுப் பராமரிப்பு 2026 ஜூன் வரை. நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை. இரண்டையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.