பழி சுமந்த சிலந்தி

சிலந்தி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று எட்டுக்கால் பூச்சி (பூச்சி என்றால் எங்கள் பேராசிரியர் கோபிப்பார்!), மற்றொன்று புண். விலங்கியல் மாணவியான எனக்கு இது நெடுநாள் உறுத்தல். காரணம் அறியாத புண்ணையெல்லாம் அதன் தலையில் கட்டிவிட்டோமோ?

அமெரிக்காவில் 'ஹோபோ' சிலந்திக்கு இக்கதி உண்மையிலேயே நேர்ந்தது. ஹோபோ என்றால் வேலை தேடி ஊர் ஊராய் அலையும் நாடோடி. அதன் பிறந்தகம் ஐரோப்பா. புல்வெளியில் விரிப்புப் போல் வலை நெய்து, ஓரத்தில் புனல் வடிவக் குழலில் பதுங்கியிருக்கும். வலையில் பசை கிடையாது; இரை தடுமாறும் நொடியில் பாய்ந்தோடிப் பற்ற வேண்டும். ஓட்டமே அதன் பிழைப்பு!

1930களில் சியாட்டில் நகரில் தென்பட்டது. கோடை முடிவில் ஆண் சிலந்திகள் துணை தேடி அலைகையில் வீடுகளுக்குள் நுழைந்துவிடும், கண்டவர் நடுங்கினர். 1980களில் முயல்கள் மீது நடந்த சோதனை, கடித்தால் சதை அழுகும் என்றது. 1996இல் அரசின் நோய்த்தடுப்பு மையமே எச்சரித்தது. 'அக்ரெஸ்டிஸ்' என்ற அறிவியற்பெயருக்கு இலத்தீனில் 'வயலுக்குரியது' என்றே பொருள். ஆங்கிலக் காதுகளில் அது 'அக்ரெஸிவ்' ஆயிற்று!

ஐரோப்பாவிலோ அதற்கு அப்படியொரு கெட்ட பெயரே இல்லை. முயல் சோதனையைப் பின்னர் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிட்டவில்லை. 2014இல் வெளியான ஆரிகன் மாநில ஆய்வில், உறுதி செய்யப்பட்ட ஹோபோ கடி ஒன்றே ஒன்று. வலி, சிவப்பு, கெண்டைக்கால் துடிப்பு. அரை நாளில் எல்லாம் தீர்ந்தது. புண் இல்லை.

2013இல் அதன் பேரினப் பெயரை மாற்றினார்கள். டெஜெனேரியா என்பதன் உரோமன் எழுத்துகளையே கலைத்து அடுக்கி 'எராடிஜெனா' என்றார்கள். அக்ரெஸ்டிஸ் மட்டும் அப்படியே இருக்கிறது.